வெளியே போவது அண்ணனுக்கு, உள்ளே வருவது தம்பிக்கு

ஏட்டு குற்றாலீஸ்வரன் காக்கிச் சட்டை போட்டிருந்த காலம் முழுக்க ஒருத்தரைப் பார்த்தும் பயந்தது கிடையாது. புளியறை செக்போஸ்டில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரியைக் கையைக் காட்டியே நிறுத்தியவர் என்று பேர். லாரி நின்றது மேட்டினால்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனுஷர், பென்ஷன் வாங்கி வீட்டோடு உட்கார்ந்த பிறகு, கடுகு அளவு பச்சை விளக்கு ஒன்றைப் பார்த்துப் பயந்தார்.

விளக்கு இருந்தது கூடத்து அலமாரியில் வைத்த மோடத்தில். அது ஆடாமல் எரிந்தால் வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. கண் சிமிட்டினால் லைன் அறுந்துவிட்டது, மறுபடி வரப் பார்க்கிறது என்று அர்த்தம். சாரல் பிடித்த நாட்களில் அது சிமிட்டிய சிமிட்டலுக்கு, ஆளாக இருந்திருந்தால் ஏட்டு உள்ளே தள்ளியிருப்பார்.

மகள் ஆனந்தவள்ளிக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் வாய்க்குள்ளேயே மென்று சொல்லும் பேச்சைக் காதில் வாங்கி, நோயாளியின் குறிப்பாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். புருஷன் பட்டாளத்தில், அசாம் பக்கம். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள் இங்கிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கம்பெனி ஒரு சட்டம் போட்டது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் லைனைப் பெங்களூரில் இருந்தபடியே ஒரு மணி நேரம் பரிசோதிப்பார்கள். நடுவில் ஒரு தடவை அறுந்தால் மன்னிப்பு. மறுதடவை அறுந்தாலோ, வேகம் அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தாலோ, அடுத்த வாரமே பெங்களூர் ஆபீஸில் வந்து உட்கார வேண்டும். செல்போன் நெட் செல்லாது. நோயாளிகளின் ரகசியம் கம்பி வழியாகத்தான் போகவேண்டுமாம்.

"நான் வேலையை விடமாட்டேன்ப்பா. போகச் சொன்னாப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்று ஆனந்தவள்ளி சொல்லிவிட்டாள்.

"போயேன். பெங்களூரு என்ன சீமையிலயா இருக்கு" என்றார் ஏட்டு. சொல்லிவிட்டு நேரே ஐந்தருவிக்குப் போய், ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட மனைவி ஆவுடைத்தாயிடம், தண்ணி வரத்து அதிகம் என்றார். அன்றைக்கு அருவியில் நூல் மாதிரிதான் விழுந்துகொண்டிருந்தது.

வீடு இருந்தது தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், மேலகரம் தாண்டி. டெலிபோன் ஆபீஸ் தென்காசிக்குள். அங்கிருந்து செம்புக்கம்பி வழியாகப் புறப்படும் இன்டர்நெட், கிளம்பும்போது குதிரை மாதிரிதான் கிளம்பும். வழி நெடுக இளைத்து, மேலகரம் வரும்போது நொண்டி, ஏட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வரும். ஒரு தடவை ஆனந்தவள்ளி குழந்தைக்கு மொட்டை போட்ட படத்தை அசாமுக்கு அனுப்பினாள். மேல் பாதி போய்ச் சேர்ந்து, கீழ்ப் பாதி போவதற்குள் குழந்தைக்கு முடி வளர்ந்துவிட்டது. அவள் புருஷன், இது யார் குழந்தை என்று கேட்டான். கண்ணாடி இழைக் கேபிள் வராமல் இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கப் போஸ்ட் வரைக்கும் வந்து, சீசன் முடியட்டும் என்று சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஏட்டு தினமும் அதைப் பார்த்து ஒரு முறை முறைப்பார்.

சோதனைக்கு முந்தின நாள் லைன்மேன் மசூது வந்தான். ஏட்டு அவனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, ஸ்டேஷன் குரலில் விசாரித்தார்.

"யார் யார் மேல சந்தேகம்?"

"ஏட்டையா, இது களவு கேஸ் இல்ல."

"வேகம் காணாமப் போகுதுல்லா. சொல்லுலே."

மசூது தலையைச் சொறிந்தான். "தூரம் ஒண்ணு. அதுக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டத் தூக்கித் தென்காசிக்குள்ள வைக்க முடியாதுல்லா. ரெண்டாவது, போஸ்ட்ல ஜாயின்ட் இருக்கு. சாரல் இறங்கிச் செம்பு பச்சை பிடிச்சிருக்கும். அத நான் பாத்துக்கிடுதேன். மூணாவது, அடுத்தால சுந்தரபாண்டி அண்ணாச்சி மாவு மில்லு. அந்த மோட்டாரு போடுத சத்தம் காதுக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நினைக்காதீக. கம்பிக்கும் கேக்கும். கம்பி குழம்பிரும்."

போஸ்டில் ஏறி ஜாயின்டை அறுத்தபோது உள்ளே இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. கீழே நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், குற்றாலத் தண்ணி என்று கையேந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். மசூது கம்பியைச் சுரண்டி, புதிதாக முறுக்கி, பசை வைத்துச் சுற்றி இறங்கினான். பச்சை விளக்கு அன்று மத்தியானம் வரை சிமிட்டவில்லை.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கு" என்றான் மசூது, குரலைத் தாழ்த்தி. கையை நடுச்சுவர்ப் பக்கம் காட்டினான். "தம்பி வீட்டுப் போன்."

அந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவது கிடையாது.

நடுச்சுவர் வந்த கதை இது. அப்பா செத்த பிறகு ஏட்டும் தம்பி சங்கிலிப்பாண்டியும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். கூடம், கொல்லை, தென்னை எல்லாம் சரிபாதி ஆயிற்று. டெலிபோன் ஒன்றுதான் மிஞ்சியது. நம்பர் அப்பா பேரில், ஊருக்கெல்லாம் தெரிந்த நம்பர். இரண்டு பேரும் விடமாட்டேன் என்றார்கள். பஞ்சாயத்துக்கு வந்த தாய்மாமன் இரண்டு வெற்றிலை போடுகிற நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். மூத்தவன் போலீஸ், அவன் நாலு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும், ஆகவே வெளியே போகும் பேச்சு அண்ணனுக்கு. இளையவன் குற்றாலத்தில் காட்டேஜ் வைத்திருக்கிறான், ரூம் கேட்டு நாலு பேர் கூப்பிடுவார்கள், ஆகவே உள்ளே வரும் பேச்சு தம்பிக்கு. ஒரே லைனில் இரண்டு போன் வைத்தார்கள். அண்ணன் போனில் மணியைக் கழற்றினார்கள். தம்பி போனில், கூப்பிட முடியாதபடி பட்டன்களைப் பிடுங்கினார்கள். தீர்ப்பு அச்சுப் பிசகாமல் நடந்தது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. தீர்ப்பில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

"லைன் முதல்ல இறங்குறது அவுக வீட்டுலதான்" என்றான் மசூது. "அங்கன இருந்து சுவத்து ஓட்டை வழியாத்தான் இங்கன வருது. இந்த வெள்ளை டப்பா, ஸ்ப்ளிட்டரு, பேச்சையும் நெட்டையும் பிரிச்சு விடும். எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அவுக வீட்டுல, லைன் இறங்குத இடத்துல போட்டா ரெண்டு போனுக்கும் காணும்."

"அங்கன நான் போகமாட்டேன். நீயும் போகக் கூடாது."

"இங்கன போட்டா உங்க போனுக்கு மட்டுந்தான் ஏட்டையா. அவுக போன் மணி அடிச்சா உங்க நெட்டு தும்மும். ஒரு தும்மலுக்கு லைன் அறுந்தாலும் அறுந்துரும்."

"இங்கனயே போடு."

மசூது போட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நாளைக்கு ஒரு மணி நேரம் அங்க மணி அடிக்காமப் பாத்துக்கிடுங்க. சீசன் வேற" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சீசன்தான் சங்கதியே. சாரல் விழ ஆரம்பித்தால் சங்கிலிப்பாண்டியின் போன் மூச்சு விடாது. மதுரை, விருதுநகர், ராஜபாளையம் என்று எல்லாம் பழைய ஆட்கள். செல் நம்பரை எத்தனை தடவை கொடுத்தாலும் அந்தப் பழைய நம்பரைத்தான் சுற்றுவார்கள். ஒரு நாள் போன் ஓய்ந்திருந்தால் ஒரு மாடி ரூம் காலியாகக் கிடக்கும்.

ஏட்டு அன்று சாயங்காலம் மனைவியைக் கொல்லைப்பக்கம் அனுப்பினார். ஆவுடைத்தாயும் தம்பி மனைவி தங்கபுஷ்பமும் துணி காயப்போடுகிற சாக்கில் சுவருக்கு மேலே பேசிக்கொள்வது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்குப் போலீஸ் பயிற்சி உண்டு. நாளைக்குப் பதினோரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் அங்கே போன் அடிக்கக் கூடாது, பிள்ளை இங்கே இருப்பதும் போவதும் அதில்தான் இருக்கிறது என்று செய்தி போயிற்று.

பதில் கொண்டுவந்த ஆவுடைத்தாய் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னான்?"

"சொன்னாக் கோவப்படுவீக."

"நான் எப்பம் கோவப்பட்டேன்?"

"உள்ளே வாரது அவுக பங்காம். தீர்ப்பு அப்படித்தானாம். போன் மணி உள்ளே வாரது, அத நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாதாம்." ஆவுடைத்தாய் அடுக்களைக்குள் ஒரு அடி பின்வாங்கினாள். "அதோட, இன்டர்நெட்டுல கூட டவுன்லோடு உள்ளே வாரதுதானாம். இத்தனை நாளும் உங்க மக எடுத்த டவுன்லோடு பூராவும் அவுக பங்காம். பெரிய மனசு பண்ணி விட்டுவச்சிருக்காகளாம். வெளியே போற அப்லோடு மட்டும் நீங்க வச்சுக்கிடலாமாம்."

ஏட்டு கூடத்தில் நாலு நடை நடந்தார். பிறகு, "எழுதிக் கேட்டாத் தாரேன்னு சொல்லு" என்றார். அதற்குள் அங்கே கொல்லைக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஏட்டு, பரேடுக்குப் போகிற மாதிரி சவரம் பண்ணிக்கொண்டார். பிரிட்ஜை நிறுத்தினார். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி, யாராவது போட்டுவிடுவார்களோ என்று சட்டைப் பைக்குள் பிளக்கையே வைத்துக்கொண்டார். கிரைண்டர் பின்னாலேயே வந்ததால் திரும்பவும் வெளியே எடுத்தார். பிறகு சுந்தரபாண்டியின் மாவு மில்லுக்குப் போனார்.

"ஒரு மணி நேரமா?" என்றான் சுந்தரபாண்டி, தலையெல்லாம் மாவு. "வெளிய பாருங்க அண்ணாச்சி, எத்தன தூக்குச்சட்டி நிக்குதுன்னு. கருப்பட்டிப் பணியாரத்துக்கு அரிசி ஊறிப் போயிருக்கு. ஊறின அரிசிக்கு லீவு குடுக்க முடியுமா?"

"ஆனந்தவள்ளிக்குப் பரீட்சைலே."

"என்ன பரீட்சை?"

"கம்பிக்குப் பரீட்சை. கம்பி பெயிலானா அவ பெங்களூரு போயிருவா."

சுந்தரபாண்டி யோசித்தான். அந்தக் குழந்தை சாயங்காலமானால் ஏட்டின் தோளில் உட்கார்ந்து மில்லுக்கு வரும். வந்து ஒரு பிடி மாவை அவன் மூஞ்சியில் எறிந்துவிட்டுச் சிரிக்கும். "பெல்ட்டு அந்துபோச்சுன்னு சொல்லிப் பாக்கேன்" என்று மோட்டாரை நிறுத்தினான். திடீரென்று ஊரே காது செவிடானது போல் இருந்தது.

பதினோரு மணி. ஆனந்தவள்ளி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு சிவப்புக்கோடு குறுக்கே கிடந்தது. அதற்கு மேலே பச்சைக்கோடு ஒன்று நெளிந்து நெளிந்து ஊர்ந்தது. பச்சை, சிவப்புக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். குழந்தையை ஆவுடைத்தாய் அடுக்களையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏட்டு அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு, கைதி தப்பாமல் காவல் இருப்பவர் மாதிரி விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மூச்சுப் பட்டால் அணைந்துவிடுமோ என்று முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார்.

வெளியே சாரல் பொடிப்பொடியாக இறங்கியது. கோடு தாழவில்லை.

"எப்படி இருக்கு?"

"பேசாதீங்கப்பா."

"பேச்சு அதுக்குக் கேக்குமா?"

"எனக்குக் கேக்குது."

கொஞ்ச நேரம் போயிற்று. அப்போதுதான் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் டெலிபோன் மணி அடித்தது.

ஒரு தடவை கூட முழுசாக அடிக்கவில்லை. பச்சை விளக்கு ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. திரையில் கோடு அறுந்து விழுந்தது.

"போச்சு" என்றாள் ஆனந்தவள்ளி.

மறுபக்கம் சங்கிலிப்பாண்டியின் குரல், "காட்டேஜுதான். ரூம் இல்ல, பிறகு கூப்பிடுங்க" என்று அவசரமாகச் சொல்லி, போனை வைக்கும் சத்தம் கேட்டது. விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக. சிமிட்டிச் சிமிட்டி ஒரு வழியாக நின்றது. கோடு எழுந்தது. திரை ஓரத்தில் பெங்களூரிலிருந்து ஒரு வரி வந்தது.

"இது மன்னிப்பாம். இனி அறுந்தா முடிஞ்சுதாம்" என்று வாசித்தாள். அடுக்களையில் குழந்தை என்ன கண்டதோ, வீறிட்டு அழ ஆரம்பித்தது.

ஏட்டுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "வேணும்னே பண்ணுதான். சொல்லி விட்டும் பண்ணுதான்" என்றார், சுவருக்குக் கேட்கும்படியாகவே.

கொஞ்ச நேரத்தில் ஆனந்தவள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பச்சைக்கோடு இந்தத் தடவை அறுந்து விழவில்லை. படியிறங்குவது மாதிரி, ஒவ்வொரு படியாகக் கீழே வந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்குக் குளிர் கண்டதுபோல் ஒரு நடுக்கம். கோடு சிவப்பைத் தொட்டது. தாண்டிக் கீழே போயிற்று. பெங்களூர் வரி மறுபடி வந்தது.

"அஞ்சு நிமிஷத்துக்குள்ள மேல வரணுமாம். வரலைன்னா பெயிலு."

"மழையா?"

"மழைன்னா இப்படிப் படிபடியா வராது." அவள் நகத்தைக் கடித்தாள். "அப்பா, உங்க போனை எடுத்துப் பாருங்க. லைன்ல என்ன இருக்குன்னு."

ஏட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். வழக்கமாக வரும் ரீங்காரம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வீடு கேட்டது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. பிறகு தங்கபுஷ்பத்தின் குரல், பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி.

"எடுத்துக் கீழ வச்சா எப்படி? ராஜபாளையத்து மில்காரரு காலையிலருந்து விடாம அடிக்காரு. மாடி ரூம் மூணும் போயிரும்."

"போகட்டும்." அது சங்கிலிப்பாண்டி. "மணி அடிச்சா அறுந்துருதுல்லா. இப்பம் அடிச்சதுக்கே அங்கன பிள்ள அழுத சத்தம் கேட்டியா இல்லியா? ஆனந்திக்குப் பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் இது இப்படியே கிடக்கட்டும். ஒரு மணி நேரத்துல குற்றாலம் காலியாயிராது."

"அப்பம் நேத்து ஏன் அப்படிச் சொல்லி விட்டீக?"

"அது அண்ணனுக்கு. இது பிள்ளைக்கு."

ஏட்டு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. திரும்பி மகளைப் பார்த்து, "அவன் ரிசீவரை எடுத்து மேசையில வச்சிருக்கான். மணி அடிக்கக் கூடாதுன்னு" என்றார்.

"ஐயோ. எடுத்து வச்சாலும் இதே கதிதான்ப்பா. அந்தப் போனுக்கு டப்பா இல்லேல்லா. எடுத்தா லைனை அமுக்கும்." அவள் கண் கோட்டிலேயே இருந்தது. "வைக்கச் சொல்லுங்க. சீக்கிரம்."

ஏட்டு ரிசீவரின் பேசும் பக்கத்தில் வாயை வைத்து, "ஏலே சங்கிலி, போனை வையிலே" என்றார். பாகம் பிரித்த பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. அந்தப் பக்கம் ரிசீவர் மேசையில் குப்புறக் கிடந்தது. "என்னமோ பூச்சி கத்துது பாருங்க" என்றாள் தங்கபுஷ்பம். "சாரலுக்கு வந்திருக்கும்" என்றான் சங்கிலிப்பாண்டி.

ஏட்டு தன் ரிசீவரைத் திரும்ப வைத்துவிட்டு ஓடினார். செருப்புப் போடவில்லை. தன் வாசலுக்கும் தம்பி வாசலுக்கும் நடுவே இருப்பது ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடம். அதைத் தாண்ட அவருக்கு அத்தனை வருஷம் ஆகியிருந்தது. இப்போது ஒரே தாவில் தாண்டி, நிலையில் தலை இடிக்க உள்ளே நுழைந்தார்.

சங்கிலிப்பாண்டி மேசை முன்னால் உட்கார்ந்து, ரிசீவரின் மேல் ஒரு துண்டையும் போட்டு, அதை இரண்டு கையாலும் அணைத்தாற்போல் காவல் இருந்தான். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

"அதை வை" என்றார் ஏட்டு.

"வச்சா மணி அடிக்கும்."

"எடுத்தாலும் லைன் சாவுது. அஞ்சு நிமிஷந்தான் குடுத்திருக்கான். அதுல ரெண்டு போயிருக்கும்."

சங்கிலிப்பாண்டி ரிசீவரைப் பார்த்தான், அதை வைக்க வேண்டிய போனைப் பார்த்தான். ரிசீவரோடு கை பாதி தூரம் போயிற்று.

"வைக்காதீக" என்றாள் தங்கபுஷ்பம். "வச்ச மறுகணம் மில்காரரு அடிப்பாரு. அவரு அடிச்சா அந்தால முடிஞ்சுது. இனி மன்னிப்புக் கிடையாதுன்னு பிள்ள சொன்னது இங்கன கேட்டுச்சு."

கை அப்படியே அந்தரத்தில் நின்றது. வைத்தாலும் போயிற்று, எடுத்தாலும் போயிற்று. நடுச்சுவர் வழியாக ஆனந்தவள்ளியின் குரல் வந்தது. "அப்பா, இன்னும் கீழதான் இருக்கு."

சங்கிலிப்பாண்டி எழுந்து மனைவி பக்கம் திரும்பினான். "ஏட்டி, அந்தப் பாக்குவெட்டியை எடு."

ஏட்டுக்குப் புரிந்துவிட்டது. "லே, அது உன் பங்கு."

"எம் பங்குதான். அதான் நான் அறுக்கேன். நீங்க அறுத்தாத்தான் கேஸு."

போன் வயரை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தான். அப்பா காலத்து வயர், உறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "ரெண்டையும் சேத்து வெட்டினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் சார்ட்டு ஆயிரும்" என்று சொல்லிக்கொண்டே, பல்லால் கடித்து இரண்டு இழையாகப் பிரித்தான். காட்டேஜில் இருபது ரூமுக்கும் தானே வயர் இழுத்த ஆள். ஒரு இழையைப் பாக்குவெட்டிக்குள் கொடுத்தான். வயர் நழுவியது. ஏட்டு குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நறுக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

"அப்பா" என்றது சுவர். "ஏறுது."

உறை உதிர்ந்த இரண்டு செம்பு நுனிகளும் சுருண்டு, ஒன்றையொன்று தேடி நெருங்கின. ஒட்டினால் லைன் மறுபடி சாகும். இன்சுலேஷன் டேப் காட்டேஜில் கிடந்தது. சங்கிலிப்பாண்டி ஒரு நுனியைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தான். ஏட்டு மறுநுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். ஜன்னலில் இருந்து சாரல் விழுந்து தரையெல்லாம் ஈரம். இரண்டு பேரும் வெறுங்காலோடு, ஆளுக்கொரு கம்பியுமாக, மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அப்படி நின்ற கொஞ்ச நேரத்தில் ஏட்டின் கை தானாக உதறியது. விரலில் தொடங்கிய விறுவிறுப்பு முழங்கை வழியாக ஏறிக் கடைவாய்ப் பல்லில் போய் நின்றது. நின்று, மறுபடி வந்தது. எதிரே தம்பியின் தோளும் அதே தாளத்தில் குலுங்கியது.

"என்னலே இது?"

"புக்கிங்கு" என்றான் சங்கிலிப்பாண்டி, பல்லைக் கடித்தபடி. "மணி அடிக்க அனுப்புத கரண்டு. போன் இல்லேல்லா, நமக்கு வருது. விட்ராதீக."

"யாரு இப்படி விடாம அடிக்கான்?"

"நீளமா அடிச்சா மில்காரரு. விட்டு விட்டு அடிச்சா விருதுநகர் எண்ணெய்க்கடைக்காரரு. இது மில்காரரு. எடுக்காட்டி வைக்கமாட்டாரு, அப்படி ஒரு பாசம்."

மில்காரர் வைக்கவில்லை. ஏட்டுக்கு முழங்கால் வரை இறங்கி ஏறியது. மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. விட்டுவிடலாம் என்று விரல் நினைத்தபோதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஏதோ மழலையில் பேசுவது கேட்டது. அழுகையை விட்டிருந்தது. ஏட்டு கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மில்காரர் ஓய்ந்தார். கொஞ்ச நேரத்தில் விருதுநகர் வந்தார். அவருக்குப் பிறகு மதுரைக் குடும்பம் ஒன்று.

"நல்ல சீசன்" என்றார் ஏட்டு, நடுக்கம் நின்ற இடைவெளியில்.

"ஆமா, இந்த வருஷம் தண்ணி நல்லா விழுது."

தங்கபுஷ்பம் சுக்குக் காபி கொண்டுவந்து, குடிக்கக் கை இல்லாததால் இரண்டு பேர் வாயிலும் மாறி மாறி ஊற்றினாள். மின்சாரம் தனக்கும் பாய்ந்துவிடும் என்று சேலை முந்தானையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

கோடு அன்று ஏறிய ஏற்றத்தை ஆனந்தவள்ளியே பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் அந்தப் போன், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், லைனில் பாதியை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. பெங்களூரில் இருந்தவன், உங்கள் ஊரில் கேபிள் மாற்றினார்களா என்று கேட்டானாம். மணி பன்னிரண்டு அடித்ததும் அவள் நடுச்சுவரைத் தட்டினாள்.

"அப்பா. சித்தப்பா. பாஸ்."

இரண்டு பேரும் உடனே விடவில்லை. விட மறந்துபோன மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்கள். முதலில் சங்கிலிப்பாண்டிதான் தன் நுனியை ஜன்னல் கம்பியில் சுற்றினான். ஏட்டு தன்னுடையதை மேசைக் காலில் சுற்றினார். விரல்கள் மடங்கியபடியே இருந்தன, நீட்ட வரவில்லை.

"உன் போனைத் தூக்கிட்டு எங்க பக்கம் வா" என்றார் ஏட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே. "டப்பா அங்கனதான் மாட்டியிருக்கு. மசூது வார வரைக்கும் அங்கன உக்காந்து புக்கிங் எடு."

"மில்காரரு ராத்திரி கூட அடிப்பாரு."

"அடிக்கட்டும்."

சங்கிலிப்பாண்டி பட்டன் இல்லாத போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டையைத் தேடிப் போட்டான்.

ஏட்டு முன்னால் வீட்டுக்கு வந்தார். ஆவுடைத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள், ஈரக்காலைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் இன்னொரு நாற்காலியை இழுத்து அலமாரிப் பக்கத்தில் போட்டாள். ஆனந்தவள்ளி குழந்தையை அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் கையோடு சேர்ந்து மெல்லக் குலுங்கியது. அதற்கு அது பிடித்திருந்தது.

"கை ஏன்ப்பா இப்படி ஆடுது?"

"சாரல் காத்து" என்றார் ஏட்டு.

"சித்தப்பா என்ன சொன்னாரு?"

"தண்ணி நல்லா விழுதுன்னான்."